அட்ராக்டா அனுப்பிய நூற்று எண்பத்தேழு கடிதங்கள்

அட்ராக்டா டோலன் என்ற பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது ஒரு சாவு வீட்டில். அறுபத்தைந்தாம் வருஷம், பிப்ரவரி மாதம். மலைச்சரிவில் இருந்த காலக்லி கிழவரைப் பெட்டியில் கிடத்திவிட்டு, சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். கிழவரின் மூத்த மருமகள் உள்ளே வந்து, நாத்தனாருக்குப் பெண் பிறந்திருக்கிறது, அட்ராக்டா என்று பெயர் வைக்கப்போகிறார்கள் என்றாள். என் தாயார் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பாவம், பொறந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு? மோட்சத்துல இத்தன புனிதைங்க இருக்காங்களே, கொஞ்சம் சின்னப் பேரா ஒருத்தி கிடைக்கலையா?"

பெட்டியில் இருந்தவரைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

அவள் எனக்கு ஒரு வழியில் உறவு. தாய் காலக்லி வீட்டுப் பெண். அந்தத் தாயின் தங்கையைக் கட்டியவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். தகப்பன் வழியில் டோலன். ஆனால் டப்ளினுக்கு வெகு தொலைவில், எங்கள் ட்ரம்காஷல் கோயில் பங்கில் ஒருவரை டோலன் என்று சொன்னால் எதுவுமே சொன்னதாகாது. எங்கள் தண்ணீர்ச் சங்கத்தின் குழாய் போகிற நூற்று எண்பத்தேழு வீடுகளில் அறுபத்தொரு வீடு டோலன் வீடு. அதில் பேட்ரிக் டோலன் மட்டும் பதினொரு பேர். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அட்ராக்டா வீட்டுக்கு 'மத்தியான டோலன்' என்று பெயர். அவளுடைய தாத்தா காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்த தன் சொந்தக் கல்யாணத்துக்கு மத்தியானம் வந்து சேர்ந்தவர்.

அட்ராக்டா இருபத்திரண்டு வருஷம் காளான் கொட்டகையில் வேலை பார்த்தாள். இருட்டில் குனிந்து காளான் பறித்து, கையால் எடை பார்த்துப் பெட்டியில் வைப்பாள். தராசு ஒன்று அவள் பக்கத்தில் சும்மா கிடக்கும். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கொட்டகையை மூடினார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் போயிருந்தன. இனி நின்று செய்கிற வேலை கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் யூஜினும் அவளும்தான் அந்த வீட்டில். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யூஜினிடம் ஆறு மாடும் நிறைய அபிப்பிராயங்களும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கிலாந்திலிருந்து, லூட்டனிலிருந்து, சித்தி மகள் ஃபிலோமினா தொலைபேசியில் வருவாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டு அவள் கையில் இருந்தது.

"நவம்பர் ஒண்ணாந்தேதிக்கு ஒரு இடம் காலியாகுது, அட்ராக்டா. உருளைக்கிழங்கு உரிக்கணும், அவ்வளவுதான். ஸ்டூல் போட்டு உக்காந்தே உரிக்கலாம். என் அறையில கட்டில் கூடப் போட்டாச்சு."

அட்ராக்டாவுக்கு லூட்டனுக்குப் போக மனமே இல்லை. "அங்க நான் யாருன்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கடையிலயும் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லணும்" என்று என்னிடமே ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. நவம்பருக்குள் உள்ளூரில் ஒரு மேசை நாற்காலி வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும். இதுதான் நிலைமை.

பதினொரு இடத்துக்கு மனுப் போட்டாள். எல்லாவற்றிலும் ஒரே வரி: அலுவலக முன் அனுபவம் தேவை. அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை. ஒரே ஒரு மாட்டு வைத்தியர் மட்டும் நேரில் கூப்பிட்டார். "உங்ககிட்ட என்ன திறமை இருக்கு?" என்று கேட்டாராம். இவள் அவர் மேசையில் இருந்த குண்டூசிப் பெட்டியைக் கையில் எடுத்து, "நூத்திப்பத்து கிராம்" என்றாள். அவர் மருந்துத் தராசில் வைத்துப் பார்த்தார். நூற்றுப்பதினொன்று. "பெட்டிக்கு ஒரு கிராம் கழிச்சுக்குங்க" என்றாள் இவள். அவர் எழுந்து நின்று கைகுலுக்கி வாசல் வரை வந்து வழியனுப்பினார். வேலையைத் தன் மைத்துனர் மகளுக்குக் கொடுத்தார்.

கடைசியில், வேலையில்லாதவர்களுக்குப் பணம் கொடுக்கிற அலுவலகத்துப் பெண் ஒரு வழி சொன்னாள். "சம்பளம் இல்லாம எங்கயாவது ஆபீஸ்ல ஒத்தாசையா வேலை செய்ங்க. அதுவும் அனுபவம்தான். எழுதிக்கலாம்."

யூஜின் இதைக் கேட்டுவிட்டு முட்டையை உரித்துக்கொண்டே சொன்னான்: "சம்பளம் இல்லாத வேலையா? இங்க ஆறு மாடு இருக்கே. நல்லாப் பாத்துக்கோ, ஆறும் சேந்து உனக்கு அனுபவக் கடிதம் தரும்."

"உங்கிட்ட இருபது வருஷமா சம்பளம் இல்லாமத்தான் சமைக்கிறேன். அதுக்கு நீ ஒரு கடிதம் குடேன்."

"ருசியப் பத்தியும் எழுதணுமா?" என்றான் அவன்.

மறுநாள் தண்ணீர்ச் சங்கத்துக்குப் போனாள். ஏரியிலிருந்து மேடு பள்ளமெல்லாம் குழாய் போட்டு, வீடுகளுக்குத் தண்ணீர் விடுவதற்காக ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. அதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. சமூகக் கூடத்தின் பின்னறை. கிறிஸ்துமஸ் குடிலில் நிறுத்துகிற சுரூபங்களை, அந்தப் பெரிய சிலைகளை, அங்கேதான் போட்டு வைப்பார்கள். நகல் எடுக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குச் சூசையப்பர் நின்றார். வருகிறவர்கள் தொப்பியை அவர் கையில் மாட்டுவார்கள். ஒட்டகத்தின் முதுகில் கோப்புகள் அடுக்கியிருந்தன.

செயலாளர் ஜார்லத் முல்வி. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், எழுபது வயது, மெலிந்த மனிதர். அவர் அட்ராக்டாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

"மத்தியான டோலன் வீடுங்க."

"ஆங், மலைமேல காலக்லி வீட்டுப் பேத்தி. சரி, உக்காரும்மா. கணினி தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. ரொம்ப நல்லதாப் போச்சு. ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்ல முடியாது."

மார்ச்சில் போனவள் செப்டம்பருக்குள் அந்த அறையைத் தலைகீழாக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போய்க் கணினி கற்றாள். தொலைபேசியில் பேசக் கற்றாள். எங்கள் ஊரில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல ஒருவர் கூப்பிட்டால் முதல் பத்து நிமிஷம் வானிலை, அடுத்த பத்து நிமிஷம் யார் சாகக் கிடக்கிறார்கள் என்பது, கடைசியில் போகிற போக்கில்தான் தண்ணீர். அட்ராக்டா எதையும் அவசரப்படுத்தமாட்டாள். ஆனால் பேசி முடிப்பதற்குள் எந்த வீடு, எந்த வால்வு என்று குறித்து வைத்துவிடுவாள்.

ஜார்லத்தின் கோப்புகளைக் கணினியில் ஏற்றியது அவள் செய்த பெரிய வேலை. ஜார்லத் வீடுகளை எழுத்து வரிசையில் வைத்திருக்கவில்லை. பட்டப்பெயரில்தான் வைத்திருந்தார். பதினொரு பேட்ரிக் டோலன்களை வேறு எப்படி வைப்பது? ஆகவே அட்ராக்டா பட்டியலில் இரண்டு பத்திகள் போட்டாள். முதல் பத்தியில் ஞானஸ்நானப் பெயர், வெளியார் கேட்டால் காட்டுவதற்கு. இரண்டாவது பத்தியில் பட்டப்பெயர், ஜார்லத் தேடினால் கிடைப்பதற்கு.

செப்டம்பர் முதல் வாரம் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. மாவட்ட அலுவலகத்தில், தண்ணீர்ப் பிரிவில், ஓர் எழுத்தர் தேவை. ஆறு மாத அலுவலக அனுபவம் போதும். ஆனால் வேலை செய்த இடத்தின் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும்.

அட்ராக்டா அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே தலைவரிடம் போனாள்.

தலைவர் ஃபெஸ்டஸ் டோலன், சமூகக் கூடத்துக்கு எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆறடி உயரம், சிவந்த முகம், பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஆள். தகப்பன் விட்டுப்போன கடையை முப்பது வருஷமாக நடத்திவந்தார். அவருக்கு அப்போது தலைபோகிற கவலை ஒன்று இருந்தது. எங்கள் குழாயில் வருகிற தண்ணீர் புல் அழுகிக் கறுத்த சதுப்பு நிலத்திலிருந்து இறங்குவதால் தேயிலை போடுவதற்கு முன்பே தேநீர் நிறத்தில் இருக்கும். புது வடிகட்டி வைத்துத் தர மாவட்டம் தயார். ஆனால் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டம் கூடி அதற்குச் சம்மதம் தர வேண்டும். கூட்டம் செல்லுபடியாக இருபது பேர் வேண்டும். நான்கு வருஷமாக ஏழு பேருக்கு மேல் வந்ததில்லை. அந்த ஏழில் ஒருவர் கணப்பில் குளிர்காய வருபவர்.

"கடிதம்தானே?" என்றார் ஃபெஸ்டஸ். "கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புற வேலை உன்னோடது. இருபது பேர அந்தக் கூடத்துல உக்கார வை. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

அட்ராக்டா உட்கார்ந்து, நூலக வகுப்பில் கற்றபடி, ஒரே கடிதத்தை நூற்று எண்பத்தேழு பேருக்குப் பெயர் போட்டு அச்சடிக்கத் தயார் செய்தாள். பெயரை எந்தப் பத்தியிலிருந்து எடுக்கட்டும் என்று கணினி கேட்டது. அவள் ஒரு பத்தியைத் தொட்டாள்.

கடிதங்கள் வந்து விழுந்தன. பெயர் தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் ஒட்டிய உறைகள். அவளும் ஜார்லத்தும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மடித்தார்கள். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று ஜார்லத் ஒவ்வோர் உறையையும் வாய்விட்டுப் படித்தார், அவள் பட்டியலில் கோடு போட்டாள்.

"'திரு. போப்பைப் பாக்காத பேட்ரிக் டோலன்.'"

"இருக்கு."

"'திரு. ரெண்டு கோட்டு மைக்கேல்.'"

"இருக்கு."

"'திருமதி அழுமூஞ்சி பிரைடி டோலன்.' இவ வீட்டு மீட்டர் சரியாயிடுச்சா?"

"போன வாரமே ஆச்சு. அடுத்தது சொல்லுங்க."

"'திரு. குட்டைக் கயிறு டோலன்.' தலைவருக்கு எதுக்கு அழைப்பு?"

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதுவும் சரிதான்."

நூற்று எண்பத்தேழு உறையும் இப்படியே போயின. இருவருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. பிறந்ததிலிருந்து அவர்கள் அந்த ஜனங்களை வேறு பெயரில் நினைத்ததே இல்லை. திங்கட்கிழமை மாலை மூட்டையாகக் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்கள்.

புதன்கிழமை காலை அட்ராக்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். யூஜின் கையில் ஓர் உறையோடு வாசலிலிருந்து வந்தான். அதை விளக்குக்கு நேரே பிடித்து, ஆட்டி, முகர்ந்துகூடப் பார்த்தான்.

"அட்ராக்டா, 'மத்தியான டோலன்' யாரு? நம்ம தாத்தாவுக்குக் கடிதம் வந்திருக்கு. போய்ச் சேந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சே, இவ்வளவு பிந்தியா வரும்?"

அவள் உறையை வாங்கிப் பார்த்தாள். கத்தி தட்டில் விழுந்தது.

"ஐயோ மாதாவே! எல்லாருக்கும் போயிருச்சு."

"எல்லாருக்கும்னா? பிரைடிக்குமா?"

அவள் தலையாட்டினாள்.

"ஃபெஸ்டஸுக்கு?"

அவள் மறுபடி தலையாட்டினாள். யூஜின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது. மாட்டுக்குத் தீனி வைக்க அன்று ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. வீட்டுப் பெயரைக் காப்பாற்றினான்.

அலுவலகத்தில் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. முதல் அழைப்பு பிரைடி. "நான் அழுமூஞ்சியா? நானா? எழுபத்தினாலுல ஒரு தடவை அழுதேன், அதுவும் ஒரு பசுமாட்டுக்காக" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அடுத்தது ரெண்டு கோட்டு மைக்கேல்: தன்னிடம் இருப்பது ஒரே கோட்டு, மற்றது செத்துப்போன தம்பியுடையது. இப்படியே பதினொரு மணி வரை ஓடியது.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. ஃபெஸ்டஸ் டோலன் நின்றார். தொப்பியைச் சூசையப்பரிடம் மாட்டவில்லை. ஜார்லத் மெதுவாக நகர்ந்து ஒட்டகத்துக்குப் பின்னால் எதையோ தேட ஆரம்பித்தார்.

"அட்ராக்டா. இந்தக் குட்டைக் கயிறுன்னா என்ன?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊர் முழுக்கத் தெரிந்தது அந்த மனிதருக்கு மட்டும் தெரியாது.

"அது... சும்மா ஒரு பேருங்க."

"யாரு பேரு?"

"உங்க பேரு."

"எதுக்கு?"

அவள் சூசையப்பரைப் பார்த்தாள். அங்கிருந்து ஒத்தாசை ஒன்றும் வரவில்லை. "உங்க கடையில கயிறு வாங்கினா... கொஞ்சம் குட்டையா இருக்கும்னு சொல்லுவாங்க. உங்கப்பா காலத்துலேருந்து."

ஃபெஸ்டஸின் முகம் சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போனது. "எங்கப்பா வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி விரதம் இருந்த மனுஷன்! நான் ஒரு அங்குலம் யாரையும் ஏமாத்துனதில்ல. கூட்டத்துல வச்சு ஒவ்வொருத்தனையும் கேக்கறேன். கடிதம் கேட்டியே, கடிதம்! உனக்குக் கையெழுத்துப் போட்டா என் கை அழுகிப் போகட்டும்."

கதவு சாத்திய வேகத்தில் ஒரு ஆட்டுக்குட்டிச் சுரூபத்தின் காது உடைந்தது.

"நான் எதாவது சொல்லியிருக்கணும்" என்றார் ஜார்லத், ஒட்டகத்துக்குப் பின்னாலிருந்து.

"நீங்க உறைய வாய்விட்டுப் படிச்சீங்க. அதுவே போதும்" என்றாள் அட்ராக்டா.

அந்த ஞாயிறு ஃபிலோமினா கூப்பிட்டபோது, கம்பளி கொண்டுவர வேண்டுமா, அங்கேயே இருக்குமா என்று அட்ராக்டா கேட்டாள். யூஜின் அதைக் கேட்டுவிட்டுத் தொழுவத்துக்குப் போனான். அன்று அவளைச் சீண்டவில்லை.

கூட்டம் அடுத்த வியாழன் மாலை ஏழு மணிக்கு. ஆறரைக்கே கோயில் வாசல் வரை வண்டிகள் நின்றன. நாற்காலி போதாமல் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அந்த உறை இருந்தது. நானும் போயிருந்தேன்; எங்கள் வீட்டுப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஜார்லத் மேடையில் ஏறித் தலைகளை எண்ணினார். நூற்று நாற்பத்துமூன்று. நம்பாமல் மறுபடி எண்ணினார்; அதேதான்.

"முறைப்படி முதல்ல வடிகட்டி விஷயம். சம்மதம்னா கையத் தூக்குங்க."

"சீக்கிரம் முடிங்கய்யா, நாங்க வேற பேசணும்" என்று கத்திக்கொண்டே நூற்று நாற்பத்துமூன்று பேரும் கையைத் தூக்கினார்கள். நான்கு வருஷம் நடக்காதது அரை நிமிஷத்தில் நடந்தது. என்ன வடிகட்டி என்று பாதிப் பேர் கேட்கவேயில்லை.

பிறகு ஆரம்பித்தது. பிரைடி எழுந்து, பசுமாட்டுக் கதையை முழுக்கச் சொல்லி, நடுவில் இரண்டு முறை அழுதாள். கோர்ட்டு ஜேம்ஸ் எழுந்து, இந்தப் பெயருக்காக வழக்குப் போடுவேன் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து போப்பைப் பார்க்காத பேட்ரிக் எழுந்தார். முன்பு போப் நாட்டுக்கு வந்தபோது விடிய விடிய பேருந்தில் போய், போப் வந்த நேரத்தில் அதே பேருந்தில் தூங்கிவிட்டவர் அவர்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல. அம்பது வருஷமா என் கடிதம் பத்து வீடு சுத்தித்தான் வரும். என் ஆஸ்பத்திரிச் சீட்டு மேட்டு வீட்டு பேட்ரிக்குக்குப் போய், அவன் போய் எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தான். இந்தக் கடிதம்தான் நேரா என் கைக்கு வந்துச்சு."

தபால்காரர் மாலக்கி சுவரோரமாக நின்றிருந்தார். "அது உண்மை" என்றார். "நூத்தி எம்பத்தேழும் ஒரே நாள்ல குடுத்தேன். ஒண்ணுகூடத் திரும்பி வரல. என் சர்வீஸ்ல இப்படி நடந்ததில்ல."

கூட்டம் கொஞ்சம் இளகியது. அப்போது ஃபெஸ்டஸ் எழுந்தார்.

"நான் இன்னும் பேசல. எங்கப்பா பேரும் இதுல இருக்கு. என் கடை மேசையில ரெண்டு பித்தளை ஆணி அடிச்சிருக்கு. எங்கப்பா அடிச்சது. அந்த ஆணிக்கும் இந்த ஆணிக்கும் ஒரு கெஜம். அதுல அளந்துதான் அவர் வித்தார், அதுல அளந்துதான் நான் விக்கறேன். குட்டைன்னு சொல்றவங்க இப்பவே எழுந்து வாங்க. அளந்து பாத்துரலாம்."

யாரோ ஒருவர் எழுந்தால் போதும் என்று ஊரே காத்திருந்த மாதிரி, நூற்று நாற்பத்துமூன்று பேரும் எழுந்து தெருவைக் கடந்தோம். கடை கொள்ளவில்லை. ஜன்னலில் தொங்கினார்கள், உர மூட்டை மேல் ஏறினார்கள். ஜார்லத் குழாய்க்குப் பள்ளம் அளக்கிற நாடாவை அட்ராக்டாவிடம் கொடுத்துவிட்டார். தான் அளக்கமாட்டாராம்.

அட்ராக்டா முதல் ஆணியில் நாடாவை வைத்து இழுத்தாள். இரண்டாவது ஆணியில் குனிந்து பார்த்தாள். மறுபடி முதல் ஆணிக்குப் போய் இழுத்துப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார் ஃபெஸ்டஸ்.

"முப்பத்திநாலு அங்குலம்" என்றாள்.

கெஜத்துக்கு முப்பத்தாறு அங்குலம் என்பது அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். ஃபெஸ்டஸ் நாடாவைப் பிடுங்கித் தானே அளந்தார். நாடாவைத் திருப்பிப் போட்டு அளந்தார். பிறகு கடைச் சுருளிலிருந்து புது நாடா ஒன்றைப் பிரித்து அளந்தார். அது விற்பனைக்கு வைத்தது, அதுவும் முப்பத்திநாலுதான் சொன்னது. அப்படியே ஆணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருஷம்" என்றார். "முப்பது வருஷமா வாங்கிட்டுப் போனீங்க. ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே."

"முகத்துக்கு நேரா எப்படிப்பா சொல்றது, ஃபெஸ்டஸ்?" என்றாள் பிரைடி. "அதுக்குத்தானே பேரு வச்சோம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. ஜன்னலில் தொங்கியவர்கள்தான் என்று நினைக்கிறேன். ஃபெஸ்டஸ் மட்டும் சிரிக்கவில்லை; தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்ராக்டா நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, வேறு வழி தெரியாமல், "தேநீர் போட்டுத் தரவா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றார். மறுபடி கேட்டாள். மறுபடி "வேண்டாம்" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது, "ரெண்டு சர்க்கரை" என்றார்.

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்தபோது எதிர்க்கடையில் சுத்தியல் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு ஃபெஸ்டஸ் வந்து, தொப்பியைச் சூசையப்பர் கையில் மாட்டிவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"ஆணியப் பேத்து நேரா அடிச்சாச்சு. கயிறு வாங்கினவன் எவன் வந்தாலும் ஆளுக்கு ஒரு கெஜம் சும்மா தரேன்னு பலகை எழுதி வச்சிருக்கேன். எங்கப்பா தெரிஞ்சு அடிச்சாரா, தெரியாம அடிச்சாரான்னு இனி எனக்குத் தெரியப்போறதில்ல. எங்க அந்தக் கடிதம்?"

"கை அழுகிப் போகும்னு சொன்னீங்களே."

"இடது கையால போடறேன், குடு."

ஜார்லத் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த கடிதத்தில் நேரம் தவறாமை, பொறுமை, கணினி அறிவு என்றெல்லாம் இருந்தது. ஃபெஸ்டஸ் அதைப் படித்துவிட்டு, கையெழுத்துக்கு மேலே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "இவர் தவறு செய்தாலும் அது சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்."

அடுத்த பத்து நாள் அட்ராக்டா எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் எந்தப் பெயரில் கடிதம் அனுப்ப என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வீடுகள் பட்டப்பெயரே இருக்கட்டும் என்றன. பிரைடி இரண்டு நாள் யோசித்துவிட்டு, 'அழுமூஞ்சி' வேண்டாம், 'பசுமாட்டு பிரைடி' என்று போடு என்றாள்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள், "வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்பையும், அத எப்படிச் சரி பண்ணீங்கன்றதையும் சொல்லுங்க" என்றார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அட்ராக்டா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இருபது நிமிஷத் தேர்வு ஐம்பது நிமிஷம் நடந்தது. வலப்பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பேரும் அந்தப் பட்டியல்ல இருக்குமா? எங்கம்மா உங்க பங்குதான்" என்று கேட்டார். எந்த வீடு என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார். இருக்கிறது என்றாள். என்ன பெயர் என்று கேட்டார். அதை வேலை கிடைத்த பிறகு சொல்கிறேன் என்றாள்.

தரவரிசையில் அவளுக்கு மூன்றாவது இடம். முதலில் வந்தவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் பாதி நாடு அங்கேதான் போனது. இரண்டாவது ஆளுக்கு டப்ளினில் வேறு வேலை. அக்டோபர் இருபதாம் தேதி மாலக்கி கடிதத்தைப் பெட்டியில் போடாமல், தொழுவத்து வாசல் வரை நடந்துவந்து கையில் கொடுத்தார். பிரித்துப் படிக்கும் வரை நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிலோமினா கேட்டாள்: "அப்ப இந்தக் கட்டில நான் என்ன பண்றது?"

"யூஜின அனுப்பட்டுமா? உருளைக்கிழங்கு நல்லாச் சாப்பிடுவான்" என்றாள் அட்ராக்டா.

இப்போது அட்ராக்டா டோலன் மாவட்ட அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், தண்ணீர்ப் பிரிவில், ஜன்னலிலிருந்து மூன்றாவது மேசையில் வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஐந்து நாள். எட்டேகால் பேருந்தில் போய் ஐந்தே முக்கால் பேருந்தில் வருகிறாள்; வீடு அதே வீடுதான்.